பத்தாயிரம் வீச்சுகளின் மீன்

விஸ்கான்ஸினின் சிப்பெவா ஏரியில் மூன்று நாள்: மேலே மஸ்கி வேட்டை, கீழே மூழ்கிய ஒரு கிராமம்

அமெரிக்காவின் வடபகுதி ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. மற்ற மீன்களுக்கு மணிக் கணக்கு, மஸ்கிக்கு வீச்சுக் கணக்கு. பத்தாயிரம் தடவை தூண்டிலை வீசினால் ஒரு மஸ்கி கிடைக்கும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே நாளில் ஒன்றைப் பிடித்துவிடுவதும் உண்டு. தெரியாதவர்களுக்கோ பத்தாயிரம் என்பது சலுகை விலை.

அப்படி என்ன மீன் அது? முழுப் பெயர் மஸ்கலஞ்ச். ஒஜிப்வே பழங்குடியினரின் 'மாஷ்கினோஷே' என்ற சொல்தான் பிரெஞ்சுக்காரர்கள் வாயிலும் ஆங்கிலேயர்கள் வாயிலும் புகுந்து இப்படி உருமாறியது. நீண்ட உடல், வாத்தின் அலகைப் போலத் தட்டையான மூக்கு, வாய் நிறைய ஊசிப் பற்கள். நம்மூர் விராலைப் போலப் பாசிக்குள் அசையாமல் கிடந்து, இரை பக்கத்தில் வந்ததும் பாயும். மீன்தான் முக்கிய உணவு என்றாலும் வாத்துக் குஞ்சு, நீரெலி எது வந்தாலும் விடாது. ஒரு மீட்டர் நீளம் வளரவே ஏழெட்டு ஆண்டுகள், சில நீர்நிலைகளில் அதற்கு மேலும் ஆகும். பெரும்பாலான ஏரிகளில் வளர்ந்த மஸ்கி ஏக்கருக்கு ஒன்றுகூடத் தேறாது. இருப்பதே கொஞ்சம், இருப்பதும் பசித்தால்தான் வாயைத் திறக்கும். தூண்டில்காரர்களின் பித்துக்கு இந்த அருமையே காரணம்.

விஸ்கான்ஸின் மாநிலம் 1955இல் மஸ்கியைத் தன் மாநில மீனாக அறிவித்தது. அந்த மாநிலத்தின் வடமேற்கில், சாயர் கவுண்டியில் இருக்கும் ஹேவர்ட் என்ற சிற்றூர் இந்த மீனின் தலைநகரம். மினியாபொலிஸிலிருந்து காரில் போனால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஊரின் மக்கள்தொகை சில ஆயிரம்தான். ஆனால் அங்கே 143 அடி நீளத்தில் ஒரு மஸ்கி நிற்கிறது. கான்கிரீட், இரும்பு, ஃபைபர் கிளாஸில் செய்த இந்த மீன், நன்னீர் மீன்பிடிப்புக்கான அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. மீனின் வயிற்றுக்குள் படியேறி, நாலரை மாடி உயரத்தில் திறந்திருக்கும் வாய்க்குப் போய், கீழ்த்தாடைப் பற்களுக்கு நடுவே நின்று ஊரைப் பார்க்கலாம். அங்கே கல்யாணம்கூடச் செய்துகொள்கிறார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மீன் வாயில் நின்று உறுதிமொழி எடுப்பதில் இருக்கும் நகைச்சுவை அந்த ஊர்க்காரர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது.

அருங்காட்சியகத்தின் உள்ளே இருப்பது வேடிக்கை அல்ல, வழக்கு. உலகத்திலேயே பெரிய மஸ்கியைப் பிடித்தவர் யார்? லூயி ஸ்பிரே என்பவர் 1949 அக்டோபரில் சிப்பெவா ஏரியில் பிடித்தது 69 பவுண்டு 11 அவுன்ஸ், அதாவது 31 கிலோவுக்கு மேல். ஹேவர்ட் அருங்காட்சியகம் இதையே உலக சாதனையாக ஏற்கிறது. சர்வதேச மீன்பிடி விளையாட்டுச் சங்கமோ, கால் ஜான்சன் என்பவர் அதே 1949 ஜூலையில் பக்கத்து ஏரியில் பிடித்த 67 பவுண்டு 8 அவுன்ஸ் மீனைத்தான் ஏற்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஆர்ட் லாட்டன் 1957இல் பிடித்ததாகச் சொன்ன 69 பவுண்டு 15 அவுன்ஸ் மீன் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்து, 1992இல் தள்ளுபடி ஆனது. ஸ்பிரேயின் மீனும் தப்பவில்லை. பழைய புகைப்படங்களை அளந்து பார்த்து, மீன் அவ்வளவு பெரிதல்ல என்று ஒரு குழு 2005இல் முறையிட்டது. அருங்காட்சியகம் 2006இல் சாதனையை உறுதி செய்தது. பாடம் செய்து வைத்திருந்த மீனை எடுத்து அளக்க முடியாது. அது 1959இல் தீயில் எரிந்துபோனது. ஸ்பிரே அந்த மீனைப் படகில் ஏற்றுமுன் துப்பாக்கியால் சுட்டார் என்பது கதையின் கொசுறு. அப்போது சட்டம் அதற்கு இடம் கொடுத்தது.

ஆக, சிப்பெவா ஏரி. மினியாபொலிஸில் வேலை பார்க்கும் நண்பர் தாமிரபரணிக் கரையில் கெளுத்தி பிடித்து வளர்ந்தவர். அவருக்கு மூன்று நாள் விடுமுறை இருந்தது. இருவருமே பார்த்திராத ஏரி.

தெரியாத ஏரிக்குப் போவதென்றால் முதல் வேலை, ஏரியைச் சின்னதாக்குவது. சிப்பெவா 15,300 ஏக்கர். சுமார் 200 தீவுகள். கை விரல்களை விரித்தது போல எந்தப் பக்கமும் வளைகுடா. இதில் மூன்று நாள் சுற்றினால் பெட்ரோல்தான் தீரும். எனவே வீட்டு மேஜையிலேயே ஆழக்கோட்டு வரைபடத்தை விரித்து, முக்கால் பங்கு ஏரியை அடித்துவிட வேண்டும். மிச்சமிருக்கும் கால் பங்கில் மூன்று வகை இடங்களைக் குறித்துக்கொள்ளலாம்: ஆழத்திலிருந்து திடீரென மேலேறும் மணல் திட்டுகள், பாசி முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்புகள், இரண்டு தீவுகளுக்கு நடுவே நீர் குறுகும் இடங்கள். பதுங்கி அடிக்கும் மீனுக்கு இந்த மூன்றும் தெருமுனை மாதிரி.

நீரின் நிறமும் முக்கியம். சிப்பெவாவின் கிழக்குப் பகுதி கடுந்தேநீர் நிறம். மேற்குப் பகுதி அதைவிடத் தெளிவு. சதுப்பு நிலத்து இலைதழைகளின் சாறு இறங்கி வந்த கறை அது. கலங்கல் நீரில் மீன் கண்ணை விட அதிர்வை நம்பும் என்பதால், பெரிய தகடு சுழன்று தண்ணீரை உதைக்கும் இரைகள், கறுப்பும் ஆரஞ்சும். தெளிந்த நீரில் அடக்கமான நிறங்கள்.

பிறகு பருவம். வடக்கு மண்டலத்தில் மஸ்கிக்குக் கதவு திறப்பது மே மாதக் கடைசியில். ஜூனில் பாசி இளசு, மீனும் ஆழம் குறைந்த இடங்களில். சிறிய இரைகள் போதும். கோடை உச்சத்தில் தண்ணீர் சூடேறி 27 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் மஸ்கி பிடிப்பதை நிறுத்துவதுதான் நல்ல பழக்கம். போராடிக் களைத்த மீனுக்கு அந்த நீரில் உயிர்க்காற்று போதாது, விட்டாலும் செத்துப்போகும். செப்டம்பரில் இரவு குளிரத் தொடங்குகிறது, மீனும் தின்னத் தொடங்குகிறது. கொசுவும் குறைவு. வட விஸ்கான்ஸின் கொசுவை ஜூன் மாதத்தில் சந்தித்தவர்கள் இந்தக் கடைசிக் காரணத்தையே முதலில் வைப்பார்கள். நாங்கள் தேர்ந்தெடுத்தது செப்டம்பர் நடுப்பகுதி.

உரிமம் எளிது. வெளிமாநிலத்தவருக்குச் சில நாள் உரிமம் கணினியிலேயே கிடைக்கிறது. விதிகள்தான் ஏரிக்கு ஏரி மாறும். மாநிலப் பொது விதிப்படி 40 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ளக் கூடாது, நாளுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. சில ஏரிகளில் வரம்பு 50 அங்குலம். நடைமுறையில் பெரும்பாலான மஸ்கிக்காரர்கள் எதையும் வைத்துக்கொள்வதில்லை. 1966இல் மினசோட்டாவில் 'மஸ்கீஸ் இன்க்.' என்ற அமைப்பு தொடங்கி, பிடித்த மீனைத் திரும்ப விடும் வழக்கத்தைப் பரப்பியது. சுட்டுப் பிடித்த காலத்திலிருந்து முத்தமிட்டு விடும் காலத்துக்கு இந்த விளையாட்டு ஒரு தலைமுறையில் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் பலனும் தெரிகிறது. மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியில் 2021 நவம்பரில் 55 பவுண்டு 14.8 அவுன்ஸ் மஸ்கி ஒன்று சிக்கி, 1957 முதல் நின்ற மாநில சாதனையை முறியடித்தது.

சாமான்களைப் பார்த்தால் மீன் பிடிக்கப் போகிறார்களா, ஒர்க்‌ஷாப் வைக்கப் போகிறார்களா என்று சந்தேகம் வரும். எட்டு ஒன்பது அடிக் கோல். 80 அல்லது 100 பவுண்டு தாங்கும் பின்னல் நூல். சாதாரண தங்கூஸ் இதற்கு ஆகாது. நூலுக்கும் இரைக்கும் நடுவே எஃகுக் கம்பி, இல்லாவிட்டால் பற்கள் அறுத்துவிடும். மான் வால் முடியில் கட்டிய, முழங்கையளவு இரைகள். ஆன்டிகோ என்ற ஊரைச் சேர்ந்த ஃபிராங்க் சூயிக் மரத்தில் செதுக்கிய இரை ஒன்று 30 நாளில் 30 மஸ்கி பிடித்ததாகப் பழங்கதை. அவர் பெயரில் இன்றும் விற்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியமானவை தொட்டில் போன்ற பெரிய ரப்பர் வலை, நீண்ட குறடு, இரும்புக் கம்பியை வெட்டும் கத்தரி. முள் மீனின் வாயில் ஆழமாகப் பதிந்தால் முள்ளை வெட்டிவிட்டு மீனைக் காப்பாற்ற. தூண்டில்காரரின் விரலில் பதிந்தாலும் அதே கத்தரிதான்.

முதல் நாள் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டது நல்ல யோசனை. ஐம்பதைத் தாண்டிய உள்ளூர்க்காரர். பேச்சு குறைவு. மீன் கிடைக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலது கையால் வீசி, வேகமாகச் சுருட்டி, இரை படகை நெருங்கும்போது கோல் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு ஆங்கில எட்டு எழுதச் சொன்னார். ஒவ்வொரு வீச்சுக்கும் எட்டு. மீன் வந்தாலும் வராவிட்டாலும் எட்டு. மஸ்கிக்கு இரையைப் படகு வரை தொடர்ந்து வந்து யோசிக்கும் குணம் உண்டு. இரை நின்றால் திரும்பிப் போய்விடும். வளைந்து தப்பப் பார்த்தால் பாயும். வீச்சுகளில் பாதி மந்திரம் கடைசி ஆறு அடியில்தான் இருக்கிறது.

மதியத்துக்குள் தோள்பட்டை கழன்றது. மாலை நான்கரை மணிக்கு, எத்தனையாவது எட்டு என்ற கணக்கு விட்டுப்போன நேரத்தில், தேநீர் நிறத் தண்ணீருக்கு அடியில் ஒரு மரக்கட்டை நகர்ந்து வந்தது. இரைக்கு ஓரடி பின்னால். கட்டைக்குக் கண் இருந்தது. நண்பர் எட்டை எழுதினார், இரண்டு முறை, மூன்று முறை. கட்டையும் கூடவே திரும்பியது. பிறகு, அவசரமே இல்லாமல், அமிழ்ந்துபோனது. வழிகாட்டி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நேரம், நீரின் வெப்பம், காற்றின் திசை எல்லாம் குறித்துக்கொண்டார். பின்தொடர்ந்த மீனும் அவருக்கு ஒரு தகவல். எந்த வீட்டில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டதல்லவா?

இரண்டாம் நாள் நாங்களே படகை ஓட்டினோம். பலத்த மேற்குக் காற்று. ஒரு தீவைச் சுற்றிக்கொண்டு திரும்பினால், வரைபடத்தில் இல்லாத இன்னொரு தீவு. மரங்கள்கூட நின்றன. இது இந்த ஏரியின் வினோதம்: ஏரி நிரம்பியபோது அடியிலிருந்த சதுப்புக் கரி மெத்தை மெத்தையாகப் பிய்ந்து மேலே வந்து மிதக்கிறது. அதில் புல், புதர், மரம் எல்லாம் முளைத்து, காற்றடித்தால் இடம் மாறுகின்றன. 'நாற்பது ஏக்கர்' என்று பெயர் பெற்ற ஒரு மிதவை, ஏரியின் இரு பாதிகளை இணைக்கும் பாலத்தின் வாயில் வந்து அடைத்துக்கொள்வது வழக்கம். ஊர்க்காரர்கள் படகுகளை வரிசையாக அதன் மேல் முட்டவைத்து, எஞ்சினை முடுக்கி, எல்லோருமாகத் தள்ளி வேறு மூலைக்கு அனுப்புவார்கள். 2022இல் அப்படித் தள்ளிய படம் உலகமெங்கும் ஓடியது. மிதவையின் அடி நிழல் மஸ்கிக்குப் பிடித்த இடம் என்பதால் தூண்டில்காரர்கள் இவற்றைத் திட்டுவதில்லை.

ஏரி நிரம்பியபோது என்று சொன்னேன். சிப்பெவா இயற்கை ஏரி அல்ல. மீன் காட்டும் கருவியின் திரையில் வரிசை வரிசையாக வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் தெரிவது அதனால்தான். 1923இல் சிப்பெவா ஆற்றின் குறுக்கே, விண்டர் என்ற ஊருக்கு அருகே ஒரு மின்சாரக் கம்பெனி அணை கட்டி முடித்தது. இங்கே மின்சாரம் எடுக்க அல்ல. கீழே இருக்கும் மின் நிலையங்களுக்கு ஆண்டு முழுவதும் தண்ணீர் அனுப்பத் தேக்கிவைக்க. பதினொரு சிறிய ஏரிகள் ஒன்றாகி இந்த ஏரி பிறந்தது. நிலம், 1854 ஒப்பந்தத்தில் ஒஜிப்வே மக்களின் லகூடரே பிரிவுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி. (பிரெஞ்சில் எழுதிப் பார்த்தால் பெயர் வேறு மாதிரி இருக்கும், உச்சரிப்பு இதுதான்.) அவர்கள் அணையை மறுத்தார்கள், திரும்பத் திரும்ப. சம்மதம் இல்லாமலே 1921இல் மத்திய அரசு ஐம்பதாண்டு உரிமம் கொடுத்தது. பாக்வாவாங் என்ற அவர்களுடைய கிராமம், காட்டரிசி விளைந்த நீர்வயல்கள், முன்னோர் புதைகுழிகள் எல்லாம் தண்ணீருக்குள் போயின. குழிகளை இடம் மாற்றித் தருவதாகக் கொடுத்த வாக்கு முழுதாகக் காப்பாற்றப்படவில்லை. எலும்புகள் கரை ஒதுங்கியதை அந்த மக்கள் மறக்கவில்லை. ஏரிக்குச் சூட்டிய பெயர் சிப்பெவா. ஒஜிப்வே மக்களுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரும் அதேதான்.

ஐம்பதாண்டு முடிந்தது 1971இல். அந்தக் கோடையில் பழங்குடியினர் அணையைக் கைப்பற்றி உட்கார்ந்தார்கள். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு நிலமும் ஈடும் கிடைத்தன. அணையில் மின்சாரம் எடுக்கும் நிலையத்தை இன்று நடத்துவது அவர்களே. மீனைப் பற்றிய சண்டையும் இதே தண்ணீரில்தான் மூண்டது. 1974இல் லகூடரே சகோதரர்கள் இருவர், ஒதுக்கீட்டு எல்லைக்கு வெளியே, பனிக்கட்டியைத் துளையிட்டு ஈட்டியால் மீன் குத்தியதற்காகக் கைதானார்கள். இடம் சீஃப் ஏரி, சிப்பெவாவின் ஒரு கை. 1837, 1842 ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்தபோது மீன்பிடி உரிமையை எங்கள் முன்னோர் கொடுக்கவில்லை என்பது அவர்கள் வாதம். 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆமோதித்தது. அதற்குப் பிறகு வசந்த கால இரவுகளில் படகுத் துறைகள் போர்க்களமாயின. ஈட்டியோடு போன குடும்பங்கள் மீது கல்லும் வசையும் விழுந்தன. மீனெல்லாம் தீர்ந்துவிடும் என்று கூச்சல் போட்டவர்களில் பலர், ஒரு தலைமுறைக்கு முன் மஸ்கியைத் துப்பாக்கியால் சுட்டு, கூடத்தில் மாட்டிப் படம் எடுத்தவர்களின் பிள்ளைகள். 1991இல் வழக்கு ஓய்ந்தது. மீன் தீரவில்லை.

சாலையோரம் காட்டரிசி விற்ற மூதாட்டியிடம் ஒரு பொட்டலம் வாங்கினோம். மீன் கிடைத்ததா என்று அவர் கேட்டார். இல்லை என்றதும் எந்தப் பக்கம் போனோம் என்று விசாரித்தார். சொன்னோம். அந்த வளைகுடாவுக்குக் கொஞ்சம் தெற்கேதான் அவர் பாட்டி பிறந்த வீடு இருந்ததாம். எந்த உருக்கமும் இல்லாமல், பஸ் நிறுத்தம் சொல்வது போலச் சொன்னார். அரிசியை ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்து வேகவிடும்படியும் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கே இறங்கினோம். பனிமூட்டம். லூன் பறவை எங்கோ அழுதது. முதல் முறை கேட்பவருக்கு யாரோ மனிதர் அழுவதாகவே படும். போன நாள் முழுக்கக் காற்று அடித்து வைத்த கரை எது என்று பார்த்து, அந்தப் பக்கத்து மணல் திட்டுக்குப் போனோம். காற்று சிறு மீன்களை ஒதுக்கும். அவற்றைத் தேடிப் பெரியது வரும். வரைபடத்தில் வீட்டிலேயே சிவப்பு மையால் வட்டமிட்ட இடங்களில் அது ஒன்று.

ஏழு மணிக்கு முன்பே நடந்தது. எட்டின் இரண்டாவது வளைவில் நண்பரின் கோல் படகின் அடிக்குள் இழுபட்டது. சத்தம் பெரிதாக இல்லை. வாளித் தண்ணீரை யாரோ சுவரில் வீசியது போல ஒரு அறை. மீன் ஒருமுறை முழுதாக வெளியே வந்து தலையை உதறியது. பச்சை வெண்கல உடலில் கறுத்த பட்டைகள். "வலைய நீட்டுங்க சார், வலைய நீட்டுங்க" என்று நண்பர் கத்தியதில் தாமிரபரணி முழுக்கக் கேட்டது. இரண்டு நிமிஷத்தில் வலைக்குள் வந்துவிட்டது. மஸ்கியின் போராட்டம் நீண்டதல்ல. அதற்கு முன்னால் இருக்கும் இரண்டு நாள்தான் நீளம்.

மீனைத் தண்ணீரிலேயே வலைக்குள் வைத்துக் குறடால் முள்ளை எடுத்தோம். அளவு பார்க்க ஒரு நிமிஷம் கிடையாகத் தூக்கினோம், ஒரு கை செவுளுக்குக் கீழே, ஒரு கை வயிற்றுக்கு அடியில். வாயைப் பிடித்துத் தொங்கவிட்டால் உள்ளுறுப்புகள் இறங்கிவிடும் என்று வழிகாட்டி எச்சரித்திருந்தார். 38 அங்குலம். சட்டப்படியும் வைத்துக்கொள்ள முடியாத அளவு. வாலைப் பிடித்தபடி நீரில் நிறுத்தினோம். செவுள் இரண்டு முறை, மூன்று முறை திறந்து மூடியது. நண்பர் கையை எடுக்கவில்லை. மீன் தானாகவே கையை உதறிவிட்டுக் கறுப்புத் தண்ணீருக்குள் இறங்கியது. கீழே பழைய மரங்களின் அடிக்கட்டைகள் திரையில் வரிசையாகத் தெரிந்தன.

மத்தியானம் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது துறையில் வழிகாட்டி நின்றிருந்தார். எந்தத் திட்டு, எத்தனை மணி, தண்ணீர் எத்தனை டிகிரி, இரை என்ன நிறம் என்று வரிசையாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். நீளத்தைக் கேட்கவில்லை. மறுநாள் சிகாகோவிலிருந்து இரண்டு பேர் வருகிறார்களாம், காற்று இதே பக்கம் அடித்தால் அங்கேதான் முதலில் போகப் போவதாகச் சொல்லிவிட்டு, படகின் பெட்ரோல் அளவைப் பார்க்கப் போய்விட்டார்.